வேல்ஸ் வரலாற்றில் முதுகலை: ஆவணத்தைப் பார்த்துவிட்டுத் தலைப்பு வையுங்கள்

வேல்ஸ் வரலாறு படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஓவைன் கிளின்டூர். 1400இல் இங்கிலாந்து அரசரை எதிர்த்துக் கிளம்பியவர். கடைசியில் என்ன ஆனார் என்றே தெரியாமல் மறைந்தார். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலத்துச் சான்றுகள் லத்தீன், பிரெஞ்சு, இடைக்கால வெல்ஷ் என்று கிடக்கின்றன. அவை தெரியாமல் இறங்கினால், அடுத்தவர் எழுதியதைச் சுருக்கி எழுதுவதோடு ஆய்வு நின்றுவிடும்.

பிரிட்டனில் முழுநேர முதுகலை பெரும்பாலும் ஓராண்டு, 180 கிரெடிட். அதில் 60 ஆய்வேட்டுக்கு; 15,000 முதல் 20,000 சொற்கள். இதற்குள் லத்தீனும் கற்று ஆவணமும் படிப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே சிங்கப்பூரிலிருந்தே திறந்து படிக்க முடிகிற ஆவணத்தை முதலில் பிடியுங்கள்.

என் கணக்கில் நல்ல தொடக்கம் 1847ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட கல்வி அறிக்கை. மூன்று தொகுதி, ஆங்கிலத்தில் இருக்கிறது. வெல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையர்கள் வேல்ஸ் பள்ளிகளைச் சோதித்து, வெல்ஷ் மொழியே முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதினார்கள். பெண்களின் ஒழுக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஊரே கொதித்தது, ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று இன்றும் சொல்கிறார்கள் (அரசு அறிக்கைகளுக்கு நீல அட்டை). முன்னுரையை மட்டும் மேற்கோள் காட்டி நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. சரக்கு பின்னிணைப்பில் இருக்கிறது. ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்து அட்டவணை போடுங்கள்: பள்ளி, சாட்சி சொன்னவர், அவர் எந்தக் கிறிஸ்தவ சபை, பிள்ளைகளிடம் எந்த மொழியில் கேள்வி கேட்டார்கள். மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே இருந்தார்கள். சாட்சிகளிலோ ஆங்கிலிக்கன் பாதிரிமார் அதிகம். அறிக்கை ஏன் அப்படிச் சாய்ந்தது என்பதை உங்கள் அட்டவணையே காட்டும்.

அடுத்து செய்தித்தாள். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விக்டோரியா ஸ்திரீட்டில் நம் நூலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சிங்கப்பூரின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் தேடிப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். பாங்கோர் என்ற ஊர், ‘பாங்கோரில்’ என்று வரும்போது மாங்கோர் ஆகும். ‘பாங்கோருக்கு’ என்றால் வாங்கோர். ஒரு வடிவத்தை மட்டும் தட்டினால் செய்தியே இல்லை என்று தோன்றும். பி, எம், எஃப் மூன்றிலும் தேடுங்கள் (வெல்ஷில் எஃப்புக்கு ‘வ’ ஒலி). லனெல்லி, கான்வி, டோல்கெல்லாய் போன்ற ஊர்களுக்குப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு; அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் நமக்குச் சுலபம். அடையாள அட்டையில் எஸ்/ஓ போட்டுப் பழகியவர்களுக்கு ‘இன்னாரின் மகன்’ என்று சொல்லும் வெல்ஷ் ‘அப்’பை விளக்கத் தேவையில்லை. அப் ரீஸ் பிரைஸ் ஆனது, அப் ஹவல் பவல் ஆனது. ஆனால் ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் வேறு வேறு கடைசிப் பெயர் வரும். பெயரை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். பண்ணைப் பெயர், பாரிஷ் (தேவாலய வட்டாரம்) இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நீதிமன்ற ஆவணம் வேண்டுமென்றால் கிரேட் செஷன்ஸ் என்ற வேல்ஸ் நீதிமன்றங்களின் பதிவுகள், அவற்றை 1830இல் மூடும்வரை. 1733க்கு முன் முறையான பதிவுகள் பெரும்பாலும் லத்தீன். ஆனாலும் அவதூறு வழக்குகளில் திட்டிய வார்த்தையை வெல்ஷிலேயே அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண மக்களின் பேச்சு காதில் விழும் அபூர்வமான இடம் அது. மன்மத்ஷயர் மாவட்டம் மட்டும் இதில் வராது, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நீதிமன்ற வட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதைத் தேடி அபெரிஸ்ட்வித் நூலகத்தின் கிரேட் செஷன்ஸ் பட்டியலில் நாள் கழிக்க வேண்டாம். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது என்பதால், 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1701.

மேற்பார்வையாளருக்கு முதல் மின்னஞ்சலில் எந்த ஆவணத் தொகுதி, எந்த ஆண்டுகள், எந்த மொழி என்று மூன்று வரி போதும். சந்திப்பை அவர்கள் நேரம் காலை 9க்குக் கேளுங்கள்: அங்கே குளிர்காலம் என்றால் இங்கே மாலை 5, கோடை என்றால் 4. அவர்களுக்கு வசதியான பிற்பகல் 4 என்றால், அவர்கள் குளிர்காலத்தில் உங்களுக்கு நள்ளிரவு.