த்ரஸ்ட் எடுக்கவில்லை

ஜூன் 3
அடாரி அஸ்டிராய்ட்ஸ், 1979, காசு போட்டு ஆடும் விண்கப்பல் வீடியோ கேம் மெஷின். ஜாய்ஸ்டிக் கிடையாது, ஐந்தே பட்டன்: இடம், வலம், த்ரஸ்ட் (கப்பலை முன்னே தள்ளுவது), ஃபயர், ஹைப்பர்ஸ்பேஸ் (வேறொரு இடத்துக்குத் தாவுவது). ஃபயர் அடியோடு இல்லை. த்ரஸ்ட் நாலு அழுத்துக்கு ஒன்றுதான் எடுக்கிறது.

ஜூன் 4
பிளக்கைப் பிடுங்கியாயிற்று. காயின் கதவு வழியாகக் கையை மேலே விட்டு இரு பக்கக் கொக்கிகளையும் தளர்த்தினால் பட்டன் பேனல் முன்பக்கமாகச் சாயும். மானிட்டர் பக்கம் கை போகக் கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் மின்னழுத்தம் தங்கும்.

ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே இரண்டு உலோகத் தகடுகள்; அழுத்தினால் தொட்டுக்கொள்ளும், விட்டால் பிரியும். தொட்டால்தான் மல்டிமீட்டர் கூவ வேண்டும், ஃபயரை அழுத்தாமலே கூவுகிறது. தகடுகள் ஒட்டிக் கிடக்கின்றன. இந்த விளையாட்டில் அழுத்திப் பிடித்தால் குண்டு தொடர்ந்து போகாது, ஒவ்வொரு குண்டுக்கும் விட்டு அழுத்த வேண்டும். அதனால் ஒட்டிய சுவிட்சும் செத்த சுவிட்சும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். 'எடுக்கவில்லை' என்று தகட்டை இன்னும் நெருக்கி வளைப்பவர்கள் நோயைக் கூட்டுகிறார்கள்.

வலம் ஒட்டியிருந்தால் கப்பல் பம்பரம் மாதிரி சுற்றும், உடனே தெரிந்துவிடும்.

ஜூன் 5
த்ரஸ்ட். மீட்டரில் அழுத்தும்போது எண் ஆடுகிறது: 2 ஓம், 60, மறுபடி 5. நல்ல சுவிட்சில் 1 ஓமுக்குள் நிற்க வேண்டும். தகடுகள் தொட்டுக்கொள்ளும் புள்ளியில், காண்டாக்டில், கறுப்பு.

அரம் வேண்டாம். பின்பால் மெஷினில் பந்தை அடிக்கும் ஃபிளிப்பரின் டங்ஸ்டன் காண்டாக்டுக்குத்தான் அரம். அதில் பெரிய கரண்ட் போகிறது. இங்கே 5 வோல்ட் சிக்னல் மட்டும், காண்டாக்டில் மெல்லிய பூச்சு. உரசினால் பூச்சு போகும், ஒரு மாதத்தில் இன்னும் கறுக்கும். விசிட்டிங் கார்டை வெட்டி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கு இடையில் வைத்து லேசாக அழுத்தி இழுக்க வேண்டும். மூன்றாவது துண்டு வெள்ளையாக வந்தது. கடைசியில் உலர்ந்த துண்டு ஒன்று, நார் ஒட்டாமல். எண்ணெய் ஸ்பிரே அடித்தால் தூசி வந்து உட்காரும்.

ஜூன் 6
இடைவெளி. முதலில் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் அடுக்கின் இரண்டு திருகுகளையும் இறுக்கிவிட்டுத்தான் தகட்டைத் தொட வேண்டும். தளர்ந்த அடுக்கில் சரிசெய்த இடைவெளி மறுநாள் இருக்காது. வளைப்பது அடியில், நுனியில் அல்ல. நுனியில் வளைத்தால் காண்டாக்ட் கோணலாக ஓரத்தில் மட்டும் படும்.

சுமார் 1.5 மி.மீ. வைத்தேன். தொட்ட பிறகும் பட்டன் கொஞ்சம் கீழே போக வேண்டும். அந்தக் கொஞ்சத்தில்தான் காண்டாக்ட் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. ஃபயருக்கு மட்டும் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன், விரல் வேகம் அதற்குத்தான்.

சிலர் தகட்டு சுவிட்சைக் கழற்றிவிட்டு மைக்ரோ சுவிட்ச் போடுகிறார்கள். 'டிக் டிக்' சத்தம். இந்த மெஷினுக்கு அது பொருந்தாது. போட்டே ஆக வேண்டுமென்றால் வயர்களை காம் (பொது முனை), என்.ஓ. (அழுத்தினால் மட்டும் இணையும் முனை) இரண்டிலும் மாட்ட வேண்டும்; என்.சி.யில் (அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை) மாட்டினால் எப்போதும் அழுத்தியபடியே இருப்பது போலாகும்.

ஜூன் 7
காயின் கதவுக்கு உள்ளே செல்ஃப் டெஸ்ட் சுவிட்ச். அதைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால் ஒலி வரும். ஐந்தும் ஒலித்தன.

ஜூன் 8
பேனலை மூடினேன். த்ரஸ்ட் இல்லை.

ஜூன் 9
திறந்தால் எடுக்கிறது, மூடினால் இல்லை. அப்படியானால் தகடு அல்ல. கிரவுண்டும் (எல்லா பட்டனுக்கும் பொதுவான வயர்) அல்ல: அது பட்டனிலிருந்து பட்டனுக்குத் தாவிப் போகிறது, நடுவில் அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை எல்லாம் சேர்ந்து சாகும். இங்கே ஒன்று மட்டும்.

சால்டர் முனையில் வயரை ஆட்டிப் பார்த்தேன். உறைக்குள் இழை அறுந்திருந்தால் அங்கே ரப்பர் மாதிரி துவளும். துவளவில்லை.

ஜூன் 10
கனெக்டர், பேனல் வயர்களை உள்ளே மாட்டும் இணைப்பு. பேனல் மூடும்போது வயர்க்கட்டு கீலில் மாட்டி இழுபடுகிறது. த்ரஸ்ட் வயரின் உலோகப் பின் மட்டும் கனெக்டர் கூட்டிலிருந்து 2 மி.மீ. பின்வாங்கியிருக்கிறது. பின்னைக் கூட்டில் பிடித்து வைக்கும் நாக்கு மழுங்கிவிட்டது. உள்ளே தள்ளினால் நிற்கிறது, இழுத்தால் வருகிறது.

புதுப் பின் வரும்வரை பேனல் திறந்தே கிடக்கட்டும்.

ஜூன் 13
வரவில்லை.

ஜூன் 14
பின் வந்தது. அளவு வேறு.