கம்ப்யூட்டரில் 5.1: பின்னால் இருந்த இரண்டும் பேச ஆரம்பித்த கதை

ஐந்து ஸ்பீக்கர், அடிநாதத்துக்கென்றே ஒரு சப்வூஃபர் (இதைத்தான் 5.1 என்பார்கள்), இவற்றுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பழைய ஏவி ரிசீவர். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஆப்டிகல் அவுட் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) இருந்ததால் ஒரே கேபிளில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். படம் போட்டேன், சுற்றிலும் சத்தம் வந்தது. கேம் திறந்தால் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும்தான் பேசின.

டிரைவரை நீக்கி மறுபடி போடுவதிலேயே இரண்டு மாலைகள் போயின. காரணம் டிரைவரில் இல்லை. ஆப்டிகல் கேபிளில் சுருக்கப்படாத ஒலி போனால் இரண்டு சானல்தான், அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலிதான், போகும். 5.1 போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போல ஏதாவது ஒரு சுருக்கும் முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். படத்தின் ஒலித்தடம் ஏற்கெனவே அப்படிச் சுருக்கப்பட்டிருந்தது. பிளேயர் அதைத் தொடாமல் தள்ளிவிட, ரிசீவர் பிரித்துக்கொண்டது. கேமோ ஒலியை அந்தந்த நொடியில் உருவாக்குகிறது, அதைச் சுருக்கித் தர என் போர்டில் ஆள் இல்லை. சில சவுண்ட் கார்டுகளில் டால்பி டிஜிட்டல் லைவ் என்ற வசதி இதைத்தான் செய்கிறது.

கம்ப்யூட்டருக்கென்றே வரும் 5.1 செட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு வயரையும் அதனதன் நிறத் துளையில் செருகினால் போதும்: பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும். மூன்றே துளை உள்ள போர்டுகளில் பெரும்பாலும் நீலம் பின்பக்கமாகவும் இளஞ்சிவப்பு சென்டர், சப்வூஃபராகவும் மாறிக்கொள்ளும். அதை டிரைவரின் பேனலில் சொல்லிவிட வேண்டும். என் ரிசீவரில் இந்த வயர்களைச் செருக ஆறு சானல் அனலாக் இன்புட் இல்லாததால் இந்த வழி எனக்கு அடைபட்டது.

கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தேன். அதில் சுருக்காத ஒலியே எட்டு சானல் வரை போகும். விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'கான்ஃபிகர்' அழுத்தியதும் 5.1 என்ற வரி முதன்முறையாகத் தெரிந்தது. டெஸ்ட் அழுத்தினேன், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் சுற்றி வந்தது. அந்தச் சந்தோஷம் தனி! ஒரே சிக்கல், ரிசீவரை இன்னொரு மானிட்டர் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. மவுஸ் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் போய்விடும். இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் 'டூப்ளிகேட்' என்று மாற்றியதும் சரியானது.

அப்புறமும் பின்பக்கம் ஏதோ சரியில்லை. தனித்தனியாகக் கேட்டால் இரண்டு ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. சேர்ந்து ஒலித்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை, அடிநாதமும் மெலிந்திருந்தது. வயரைப் பார்த்தேன்: இடது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. ஒன்றின் கோன் (முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சந்தேகம் இருந்தால், ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை வயர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் சிவப்பில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

இடம் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது, அதிகப் பலனும் அதில்தான் கிடைத்தது. உட்காரும் இடத்திலிருந்து நேர் முன்னே போகும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் முன் ஸ்பீக்கர்கள் ஆளுக்கு 30 டிகிரி. பின்னவை 100 முதல் 120 டிகிரி, அதாவது காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னே. நான் பின்சுவரின் மூலைகளில் வைத்திருந்தேன். பக்கச்சுவருக்கு நகர்த்தியதும் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலிருந்த ஓட்டை அடைந்துவிட்டது.

உட்காரும் இடத்திலிருந்து டேப் வைத்து அளந்தால் முன் ஸ்பீக்கர் 2.4 மீட்டர், பின் ஸ்பீக்கர் 1.4 மீட்டர். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 செ.மீ. போகும். அந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தால் பின்பக்க ஒலி மூன்று மில்லிவினாடி முந்தி வந்தது. தூரங்களை ரிசீவரில் போட்டதும் அது தாமதத்தைச் சேர்த்துக்கொண்டது. மனிதப் பேச்சு திரையிலிருந்தே வருவது போல நின்றது.

சப்வூஃபருக்கு ஒரு பழைய தந்திரம்: அதை உட்காரும் நாற்காலியில் வைத்து, தாழ்ந்த சுருதி உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டேன். எங்கே அடி சீராக, உறுமல் இல்லாமல் கேட்டதோ அங்கே கொண்டுபோய் வைத்தேன். கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ்.

ஸ்டீரியோவில் பதிவான பாட்டுக்கு மட்டும் பின் ஸ்பீக்கர்களை நிறுத்திவிடுகிறேன். ஐந்திலும் பரப்பினால் பாடகர் குரல் கலங்கிவிடுகிறது. அடுத்த வேலை, வலது பின் ஸ்பீக்கரை ஒரு சாண் உயர்த்துவது. இப்போது சோபாவின் முதுகு அதைப் பாதி மறைக்கிறது.