காவிட் வீட்டின் சன்னல்

மணிலாவுக்குத் தெற்கே, கவிட்டே மாகாணத்தில் உள்ள காவிட் என்னும் சிற்றூருக்கு நான் போனது ஒரு சன்னலைப் பார்ப்பதற்காகத்தான். 1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் இந்த வீட்டில்தான், 300 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஸ்பானிய ஆட்சியிலிருந்து பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது; ஹாங்காங்கில் மார்செலா அகோன்சில்யோ தைத்துக் கொடுத்த கொடியும் இங்குதான் விரிக்கப்பட்டது. இன்று எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் பால்கனி அன்று கிடையாது. அது பின்னாளில் சேர்த்தது. பழைய 5 பேசோ நோட்டின் பின்புறத்தில் இருப்பதும் இந்த வீட்டுக் காட்சிதான் என்பதால், முதன்முறையாக வருபவருக்கும் ஏற்கெனவே பார்த்த இடம் போலத் தோன்றக்கூடும்.

உள்ளே மெருகேறிய மரத்தரை, ரகசியக் கதவுகள், ஆயுதங்களையும் காகிதங்களையும் ஒளித்துவைக்கச் செய்த மறைவிடங்கள். நான் அதிக நேரம் நின்றது சன்னலருகேதான். அங்கே நின்றபோது, ஊரில் படித்துவிட்டு வந்திருந்த பிரகடனத்தின் ஒரு தொடர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்ப்ரோசியோ ரியான்சாரெஸ் பவுதிஸ்தா எழுதி வாசித்த அந்த ஆவணம், வலிமையும் மனிதநேயமும் மிக்க நாடான அமெரிக்காவின் பாதுகாப்பையும் துணைக்கு அழைத்துக்கொண்டே விடுதலையை அறிவிக்கிறது. அதை ஏமாளித்தனம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்புதான், மே 1 அன்று, மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் டூயி அழித்திருந்தார். நாடு கடந்து ஹாங்காங்கில் இருந்த அகினால்டோ ஊர் திரும்பியதே ஓர் அமெரிக்கக் கப்பலில்தான். 1776இல் தன் விடுதலையைத் தானே அறிவித்துக்கொண்ட நாடு இன்னொருவரின் விடுதலைக்குக் குறுக்கே நிற்காது என்று அவர்கள் நம்பியதில் எனக்கு வியப்பில்லை.

ஆகஸ்ட் 13 அன்று மணிலா வீழ்ந்தபோது, நகரைச் சுற்றி வளைத்திருந்த பிலிப்பினோ படைகளை உள்ளே விடாமல் அமெரிக்கர்கள் தடுத்துவிட்டார்கள். டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில், 2 கோடி டாலருக்கு இந்தத் தீவுகளை ஸ்பெயின் அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அதே மாதம் 21ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி வெளியிட்ட அறிக்கை, இந்த ஆட்சிக்குச் சூட்டிய பெயர் 'நல்லெண்ணத்துடன் அரவணைத்தல்'. 1899 பிப்ரவரி 4 அன்று போர் மூண்டது. அமெரிக்க அரசின் கணக்கின்படியே 4,200க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் 20,000க்கும் மேற்பட்ட பிலிப்பினோ போராளிகளும் மாண்டார்கள்; சண்டைக்கும் பஞ்சத்துக்கும் நோய்க்கும் பலியான பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். போர் முடிந்ததாக அடுத்து வந்த குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த நாள் 1902 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். அந்த நாளைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு மனத்துணிவு வேண்டும்!

அமெரிக்கர்கள் இங்கே செய்ததெல்லாம் கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் வந்திறங்கிய சுமார் 500 ஆசிரியர்கள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்கள் பரப்பிய ஆங்கிலத்தில்தான் நானும் இங்கே வழி கேட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே, 1907 முதல் 1919 வரை, இந்தச் சன்னலில் விரித்த கொடியைப் பொதுவெளியில் காட்டுவது சட்டப்படி குற்றமாக இருந்தது. சுதந்திரத்தைப் பாடமாக நடத்திக்கொண்டே அதன் கொடியைப் பறித்துவைப்பதை எந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்கியிருப்பார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மாலையில் மணிலாவின் லுனேட்டா பூங்காவுக்குத் திரும்பினேன். 1896இல் பிலிப்பினோ எழுத்தாளரும் தேசிய வீரருமான ஹோசே ரிசாலை ஸ்பானியர்கள் சுட்டுக்கொன்ற அதே திடலில்தான், 1946இல் அமெரிக்கக் கொடி இறங்கிப் பிலிப்பைன்ஸ் கொடி ஏறியது. அதற்கும் ஜூலை 4ஆம் நாளையே வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்ச் சேதத்துக்கான அமெரிக்க நிதியுதவியின் பெரும்பகுதியைப் பெற வேண்டுமானால், நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கர்களுக்கும் சம உரிமை தர வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

1962இல் குடியரசுத் தலைவர் தியோஸ்தாதோ மக்கபகால் சுதந்திர நாளை ஜூன் 12க்கு மாற்றினார். ஜூலை 4 பிறகு நட்புறவு நாளாயிற்று. அதற்கு அலுவலகங்கள் விடுமுறை விடுவதில்லை. மாற்றப்பட்ட நாளின் முதல் விழாவைக் காண அகினால்டோ உயிரோடிருந்தார். அவருக்கு அப்போது வயது 93. இரண்டு ஆண்டுகள் கழித்து இறந்த அவரை, அந்தக் காவிட் வீட்டின் பின்புறத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.