கெர்ஷாவை அக்டோபரை மட்டும் வைத்து அளக்காதீர்கள்

டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா ஓய்வு பெற்ற பிறகும், அக்டோபரில் நடக்கும் பிளேஆஃபை (சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) வைத்து பேஸ்பால் ரசிகர்களிடையே அதே சண்டைதான்: "பிளேஆஃப் வந்தா சொதப்பிடுவார்."

2019 பிளேஆஃபில் வாஷிங்டன் அணியிடம் அடுத்தடுத்த பந்துகளில் இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) கொடுத்தார், சரி. ஆனால் 2020 வேர்ல்ட் சீரிஸில் (பிளேஆஃபின் இறுதித் தொடர்) இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்ததும் அக்டோபரில்தானே? குறைந்த ஓய்வில் திரும்பத் திரும்ப அவரிடமே பந்தைக் கொடுத்தது அணிதானே?

18 சீசன், டாட்ஜர்ஸ் ஒரே அணி. 3 சை யங் விருது (ஆண்டின் சிறந்த பிட்சருக்கானது), 3000-க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), 2.53 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கொடுக்கும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது).

2025 வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டம். 37 வயது, பழைய வேகம் இல்லை. 12-ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் எதிரணி வீரர்கள் நிற்கும்போது வந்து, அந்த இன்னிங்ஸின் கடைசி அவுட்டை எடுத்தார் மனுஷன்! வழக்கமான 9-ஐத் தாண்டி 18 இன்னிங்ஸ் போன அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் வென்றது.

இந்தத் தலைமுறையில் இவரைவிடச் சிறந்த இடக்கை பிட்சர் யார்? பெயரைச் சொல்லுங்க, பேசலாம்.