பெரியாறு போன வழியே யூதப் பள்ளிகள்

கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இறங்கி, 1568இல் கட்டிய பரதேசிப் பள்ளியின் (பள்ளி என்றால் இங்கே யூதர்களின் தொழுகைக்கூடம்) நீல நிறச் சீன ஓடுகளைப் பார்த்துவிட்டு, ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கதையைக் கடைசி அத்தியாயத்தில் பிரித்துப் படிக்கிற மாதிரிதான் இது. நாங்கள் வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்து தொடங்கினோம்.

சங்கப் பாடல்களில் மிளகுக்காக யவனர் மரக்கலங்கள் வந்துபோகும் முசிறி இந்த வட்டாரம்தான். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவருக்குப் பல்லக்கு, குடை, பகல் விளக்கு உட்பட 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. நம் கல்வெட்டுகளில் பார்த்துப் பழகிய அதே எழுத்தில் ஒரு யூதருக்கான சாசனம்!

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பார்கள். 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கொச்சியின் கொச்சங்காடியில் ஒரு யூதப் பள்ளி எழுந்ததைச் சொல்கிறது. துறைமுகம் நகர, வணிகர்களும் கூடவே நகர்ந்திருக்கிறார்கள். அப்புறம் போர்த்துகீசியர்களின் நெருக்கடி. மீதி இருந்தவர்களும் கொச்சி ராஜாவின் நிழலுக்கு வந்தார்கள். ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார்.

கேரளத்துச் சேந்தமங்கலத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். பள்ளிக்கு முன்னால் ஒரு கல்லறைக் கல். இஸ்ரேலின் மகள் சாரா, 1269 என்று எபிரேயத்தில் வெட்டியிருக்கிறது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் ஒன்று. கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள். ஊர் பெயர்ந்தபோது அந்தப் பெண்ணின் பெயரையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அடுத்து பறவூர். ஆறும் சந்தையும் பக்கத்திலேயே. கேரள வீட்டுப் படிப்புரை போன்ற நுழைவாயில், அதிலிருந்து நீளும் நடை, பிறகு தொழுகைக்கூடம். மேல்தளத்தில் பெண்கள் பகுதிக்கு முன்னால் வேதம் வாசிக்க இன்னொரு மேடை உண்டு. கேரளப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு இது. தோரா என்ற யூத வேதச் சுருளை வைக்கும் பேழை மட்டும் நகல். அசல் இஸ்ரேலில் இருக்கிறது.

ஆட்களும் அங்கேதான். 1950களின் நடுவில் இந்த ஊர்களின் பழைய குடிகளான மலபார் யூதர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். மாளா என்ற ஊரில் பள்ளியையும் இடுகாட்டையும் 1955இல் பஞ்சாயத்தின் பொறுப்பில் விட்டுப் போனார்கள். இஸ்ரேலில் நெவாத்தீம், மெசிலத் சியோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். பெண்கள் தலைமுறையாகப் பாடிவந்த மலையாளப் பாட்டு நோட்டுகளும் கூடவே போயின.

கடைசியாகத்தான் மட்டாஞ்சேரி. அழகான இடம், சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் சாதி மாதிரி ஒன்று நுழைந்திருந்தது. அடிமை வழியில் வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு உள்ளே சம இடம் கிடையாது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து அதை உடைத்தார். அவரை யூத காந்தி என்றே அழைத்தார்கள். நீல ஓடுகளைப் பற்றி விரிவாகச் சொல்கிற வழிகாட்டிகள் இவரையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.