கச்சான், பாயின்ட், பிளக் அக்கா

என் பட்டறையின் கணக்கு நோட்டை வெளியாள் யாராவது புரட்டினால் ஒன்றும் விளங்காது. ‘பாயின்ட் – கிளட்ச் கேபிள் – பாக்கி 140.’ ‘கச்சான் – பிஸ்டன் ரிங் – கணக்கு முடிந்தது.’ ‘ஒற்றைக்கால் சார் – கார்புரேட்டர் சுத்தம் – பணம் வாங்கக் கூடாது.’ இப்படித்தான் பக்கம் பக்கமாகப் போகும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட நோட்டுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றில் வாக்காளர் அடையாள அட்டையில் இருக்கிற பெயர்களைத் தேடினால் பத்துக்கூடத் தேறாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழக்கரையைத் தாண்டி சாயல்குடிக்குப் போகிற வழியில், ஏர்வாடி விலக்குக்குப் பக்கத்தில் என் கடை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வேலை மட்டும்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தொண்டியிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வருவார்கள். சனிக்கிழமை பின்னிரவில் பதினைந்து இருபது வண்டிகள் சேர்ந்து புறப்பட்டு, சூரியன் எழும்போது தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனையில் நிற்போம். இத்தனை வருடம் கூடவே ஓட்டியவர்களில் பலருடைய இயற்பெயர் எனக்குத் தெரியாது. பட்டப்பெயர் எப்படி வந்தது என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

பட்டப்பெயர் இல்லாமல் எங்கள் பக்கம் பிழைக்க முடியாது. ராமேசுவரத்துச் சுவாமியை வேண்டிப் பிறந்த பிள்ளை ராமநாதன். ஏர்வாடியில் அடங்கியிருக்கும் பாதுஷா நாயகத்தை நினைத்து வைத்தால் இப்ராகிம். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர்விட்ட அருளானந்தர் பெயரை வைத்தால் அருளானந்தம். குலசாமி வழியில் போனால் முனியசாமி. ஊருக்குப் பத்துப் பேர் ஒரே பெயரில் இருப்பார்கள். என் கடையில் ஒரே நாளில் நான்கு இப்ராகிம்களின் வண்டிகள் நின்றிருக்கின்றன. “இப்ராகிம் வண்டி முடிந்ததா?” என்று போன் வந்தால் நான் எந்த வண்டியைப் பார்ப்பது?

நோட்டில் பட்டப்பெயர் எழுதும் பழக்கம் என் குருவுடையது. அதற்கு அவர் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். ஒருவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரை எழுதக் கூடாது. நாலு பேர் கூப்பிடும் பெயரைத்தான் எழுத வேண்டும்.

என் பெயரை அவர்தான் வைத்தார். 1996இல் பதினாறு வயதில் அவரிடம் சேர்ந்தேன். அந்த நாளில் தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மணலிலும் கடல் ஓரத்து ஈரத்திலும் உருட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போய்வந்த புல்லட் ஒன்று கடைக்கு வந்தது. ஸ்போக் கம்பிகளிலும் சைலன்சரின் அடியிலும் உப்புப் பூத்திருந்தது. குரு சாமான் வாங்க ராமநாதபுரம் போயிருந்தார். கடையில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தூரம் போய்க் கொண்டுவருகிற தண்ணீர் அது. இரண்டு குடத்தையும் வண்டியின் மேல் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

மதியம் இரண்டு மணி வெயிலில் குரு வந்தார். குடத்தைச் சாய்த்தார். ஒரு சொட்டு இல்லை. என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்சக்கரத்து ஸ்போக் ஒன்றை விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் வைத்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “நல்லதண்ணி, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் நல்லதண்ணி. கடற்கரை வண்டி எது வந்தாலும் முதலில் உப்பைக் கழுவிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவேன். என்னிடம் வேலை கற்ற பையன்களும் அப்படித்தான்.

இணையத்தில் என் பெயர் ‘நல்லதண்ணி65’. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளில் நல்லதண்ணித் தீவு என்று ஒன்று இருக்கிறது. நான் அந்தத் தீவுக்காரன் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் இருக்கும் 65 எங்கள் மாவட்டத்து வண்டிகளின் பதிவெண். டி.என். 65 என்றால் ராமநாதபுரம். நாம் விரும்பும் பெயரை உலகத்தில் எவனோ ஒருவன் முன்பே எடுத்திருப்பான். 65ஐச் சேர்த்தால் கிடைத்துவிடும். அதனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வால் 65தான். வெளியூர்ச் சாலையில் டீக்கடை வாசலில் நிற்கும்போது யாருடைய கைபேசியிலாவது அந்த எண்ணைக் கண்டால் என் மனம் பொங்கிவிடும்.

இளைஞர்கள் சிலர் ராஜா, பேய், ஓநாய் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆசைதான், வைக்கட்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மூன்று மாதத்தில் வண்டி நின்றுபோன இடமோ, எண்ணெய் தீர்ந்த கதையோ ஒரு பெயரைக் கொண்டுவந்துவிடும். கிளப்புவதற்கு இழுத்த சோக்கைத் திருப்பி விடாமலே ஓட்டியவன் ‘சோக்கு’. பெட்ரோல் போடும்போதெல்லாம் “பாதி போதும்” என்பவன் ‘அரை டேங்க்’.

ஒரே ஒரு பெயரில் நான் தவறு செய்தேன். ராமேசுவரத்துத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, கைமாறி வந்த பல்சர். அவன் பெயரின் வால் 64 என்று இருந்தது. மூத்தவன் என்கிற உரிமையில், “தம்பி, நம் மாவட்டம் 65. திருத்திக்கொள்” என்று செய்தி அனுப்பினேன். அவன் ஒரு வரியில் பதில் போட்டான்: “அண்ணே, அது வண்டி எண் இல்லை, என் பாட்டி பிழைத்த வருடம்.”

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோன அதே புயல். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயதாம். மறுநாள் தனுஷ்கோடி என்று ஓர் ஊர் இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை திறந்த பிறகு, மாதம் ஒருமுறை பேரன் பாட்டியைப் பின்னால் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போகிறான். ஒருநாள் நானும் என் வண்டியில் கூடப் போனேன். பாட்டி ஒருக்களித்து உட்கார்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். இடிந்து நிற்கும் தேவாலயத்துக்கு நேராக வந்ததும் அவன் தோளில் ஒரு தட்டு. அவன் என்ஜினை அணைத்தான். காற்றில் மணல் வந்து டேங்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சற்று நேரம் கழித்து இன்னொரு தட்டு. அவன் உதைத்துக் கிளப்பினான். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. அந்தத் தம்பியின் பெயரை நோட்டில் ‘64’ என்றுதான் எழுதுகிறேன்.

கச்சானின் பெயர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அவன் ஓட்டுவது யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசிதான், ஆனால் எடை குறைவு, முறுக்கினால் பாய்ந்துவிடும். விலக்குக்கு அரை மைல் தள்ளி வரும்போதே, “கச்சான் வருகிறான்” என்று சொல்லிவிடலாம், அப்படி ஒரு சத்தம். எங்கள் கடலில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான். மேற்கிலிருந்து வருவது கச்சான். அவன் வேகத்தைப் பார்த்து யாரோ கடல்காரர் வைத்த பெயர் என்றே நினைத்தோம். புதிதாக வருகிறவர்களிடம் நானே பெருமையாக அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் வழியில் பாம்பனில் நின்றோம். வறுத்த கடலை விற்பவரிடம் போய் ஏழெட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, “எல்லாரும் கச்சான் சாப்பிடுங்கள்” என்று நீட்டினான். எங்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னான். இலங்கைத் தமிழில் வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். அவன் வளர்ந்தது மண்டபம் அகதிகள் முகாமில். பள்ளி விட்டதும் அம்மா மணலில் வறுத்துக் கொடுத்த கடலையைப் பொட்டலம் கட்டி, “கச்சான், கச்சான்” என்று கூவி விற்றிருக்கிறான். முகாமில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் காற்று என்றீர்கள் அண்ணே. எனக்கு அதுவும் பிடித்திருந்தது” என்றான்.

அடுத்த வாரம் அவன் அம்மா ஒரு துணிப்பையில் வறுத்த கச்சான் கொடுத்தனுப்பினார். உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து வறுத்தது. பை இன்னும் சூடாக இருந்தது. பெயின்ட் வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த வண்டியை எடுத்திருக்கிறான். அதனால் அவன் வண்டி வந்தால் நான் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. நோட்டில் எதையும் மாற்றி எழுதவில்லை. இரண்டும் ஒரே சொல்தானே.

‘ஒற்றைக்கால் சார்’ என்று கேட்டவுடன் வெளியூர் ஆட்கள் வருத்தப்படுகிறார்கள். சாருக்கு இரண்டு கால்களும் திடமாக இருக்கின்றன. அவர் ஓட்டுவது யெஸ்டி 250. அந்த வண்டியில் கியர் மாற்றும் கம்பியே உதைத்துக் கிளப்பும் கம்பியும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைகோல், உதைத்த பிறகு கீழே மடக்கினால் கியர். மைசூரில் அந்தக் கம்பெனி 1996இல் மூடிய பிறகு சாமான் கிடைப்பது அரிதாகிப் போனது. விற்றுவிடுங்கள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மாட்டேன் என்று சார் ஒற்றைக்காலில் நின்றார். வண்டிக்கும் அவருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே பெயர் அமைந்தது. யார் விசாரித்தாலும் அந்தக் கம்பியைப் படம் எடுத்து அனுப்பிப் பொறுமையாக விளக்குவார். பத்தாம் வகுப்போடு நான் நின்றபோது வீடு தேடி வந்து என் அப்பாவிடம் பேசிய ஆசிரியர் அவர். அதனால்தான் நோட்டில் பணம் வாங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிளக் அக்காவை எங்கள் பழைய வண்டி ஆர்வலர் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வாலிநோக்கத்தில் விடியற்காலை மீன் எடுத்து, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி, சிக்கல் பக்கத்து உள்ளூர்களுக்கெல்லாம் கொண்டுபோய் விற்கிறவர். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் கூடினால், தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். அக்கா இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு பிளக்கும் வைத்திருப்பார். நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றி, மீன் கத்தியின் நுனியால் கரியைச் சுரண்டி, முந்தானையில் துடைத்து, வாயால் ஊதி மாட்டுவார். மூன்று நிமிடம் ஆகாது. புத்தம் புது வண்டிக்காரர் இருவருக்கு வழியில் நின்று அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார். என்ஜின் சத்தம் சற்று மாறினாலும் அவர் காதுக்குத் தெரியும். ‘பிளக்அக்கா65’ என்ற பெயரை அவர் மகன்தான் கைபேசியில் பதிந்து கொடுத்தான்.

கடைசியாகப் பாயின்ட். பழைய புல்லட்காரர். தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் கான்டாக்ட் பாயின்டில் ஈரம் ஏறினால் அந்த வண்டிகள் மூச்சை விட்டுவிடும். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில், கடல் காற்று முகத்தில் அறையும் இடத்தில், அவர் வண்டி எத்தனையோ முறை நின்றிருக்கிறது. இறங்கியவுடன் “பாயின்ட்தான்” என்பார். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, இடைவெளி பார்க்க ஒரு விசிட்டிங் கார்டு, கிளம்பிவிடுவார். பல முறை அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

சென்ற மாதம் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை. பெண்ணின் தந்தை பெயர் அருளானந்தம் என்று அன்றுதான் அறிந்தேன். அதற்குப் பக்கத்திலேயே அச்சில் ‘(எ) பாயின்ட்’ என்று இருந்தது. அவர் வேண்டாம் என்றாராம். அவர் மனைவிதான், “அது இல்லாவிட்டால் யார் வீட்டுக் கல்யாணம் என்று எவருக்குத் தெரியும்?” என்று சொல்லிச் சேர்க்க வைத்திருக்கிறார். உறையின் மேல் என் பெயரை அவர் கையால் எழுதியிருந்தார்: ‘திரு. நல்லதண்ணி அவர்கள், குடும்பத்துடன்.’