இடுப்பில் முழு அளவுத் துப்பாக்கி: ஹூஸ்டன் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

நேற்றிரவு கடையை அடைத்துவிட்டு வந்து படுக்கையில் சாய்ந்த பிறகுதான், கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் எடுத்துவந்து பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

இதை வெறும் மறதி என்று சொல்லிவிட முடியாது. நேற்று மதியத்திலிருந்தே துப்பாக்கியின் பிடி விலாவில் குத்திக்கொண்டிருந்தது. பால் பெட்டிகளை எடுக்கக் குனியும்போதெல்லாம் வலி பொறுக்க முடியாமல், மாலை ஐந்து மணிக்குக் காருக்குப் போய் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியில் அதைக் கழற்றி வைத்தேன். இப்படிக் கழற்றி வைப்பது கடந்த ஒரு மாதத்தில் மூன்றாவது முறை. சென்ற ஆண்டு என் கடை வாசலிலேயே ஒரு வாடிக்கையாளரின் பிக்கப் வண்டிக் கண்ணாடியை உடைத்து, உள்ளே இருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வெறுங்கையுடன் கண்ணாடித் துகள்களுக்கு நடுவே நின்ற கோலம் எனக்கு மறக்கவில்லை. அந்தத் துப்பாக்கி இன்று யார் கையில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

எனவே, வசதியாக அணிவது எப்படி என்பதைப் பாதுகாப்பு குறித்த கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்து பார்த்து இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

ஜூன் 5, புதன்

"சின்னதாக ஒன்றை வைத்துக்கொண்டால் என்ன? அதுவும்தான் வீட்டில் இருக்கிறதே" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். சட்டைப்பை அளவே உள்ள ஒரு சிறு கைத்துப்பாக்கியை இரண்டு ஆண்டுகள் அணிந்திருந்தேன்; இடுப்பில் இருப்பதே தெரியாது. ஆனால், அதில் என் கை முழுதாகப் பதிவதில்லை, சுண்டு விரல் அந்தரத்தில் நிற்கும், ஒவ்வொரு வெடிக்கும் மணிக்கட்டு துள்ளும். டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்துக்கு 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து மொத்தம் 50 தோட்டாக்களைச் சுட்டு, 250 புள்ளிகளில் 175 எடுக்க வேண்டும். அதே தேர்வைப் பயிற்சித் திடலில் எனக்கு நானே வைத்துப் பார்த்தேன். சிறியதில் 203 புள்ளிகள், இப்போது அணியும் முழு அளவுத் துப்பாக்கியான கிளாக் 17-இல் 244. பதினைந்து கஜத்தில்தான் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி விழுந்தது. குறி தவறிய தோட்டா எங்கோ ஒருவர்மீது போய் நிற்கும் என்பதை நினைத்தால், எதில் நன்றாகச் சுடுகிறேனோ அதையே அணிய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

கிளாக் 17-இன் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ., உயரம் ஏறத்தாழ 14 செ.மீ.; 17 தோட்டாக்களை நிரப்பினால் எடை 900 கிராமைத் தொடும். இரவு அளவுநாடாவுடன் கண்ணாடி முன் நின்றபோதுதான், இத்தனை நாளும் தவறான அளவுக்கு அஞ்சியிருக்கிறேன் என்பது புரிந்தது. குழலின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் அது கால்சட்டைக்குள் தொடையோடு ஒட்டிப் போய்விடுகிறது. யார் கண்ணிலும் படுவதில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது பெல்ட்டுக்கு மேலே நிற்கும் பிடியின் அடிமுனைதான். வடிவம் இப்படித் துணியில் பதிந்து தெரிவதை இங்கே 'பிரிண்டிங்' என்கிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

பெல்ட்டை மாற்றினேன். பழையது, அலுவலகத்துக்குப் போன காலத்துத் தோல் பெல்ட். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையை ஒரே இடத்தில் தாங்க வேண்டியிருந்ததால் துவண்டு, முறுகி, பிடியை வெளிப்பக்கம் சாயவிட்டிருந்தது. அதைச் சரிக்கட்ட நான் பெல்ட்டை மேலும் இறுக்கி, அதன் விளைவாக மாலைக்குள் வயிற்றில் சிவந்த தடம் விழுந்து, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும் போலாகிவிடும். உள்ளே விறைப்பான பட்டை வைத்துத் தைத்த புதிய பெல்ட்டில் இறுக்கமே தேவைப்படவில்லை. அதோடு, இடுப்பளவு இரண்டு அங்குலம் கூடுதலான கால்சட்டைகள் இரண்டு வாங்கினேன். துப்பாக்கியைச் செருகும் உறைக்கும் உள்ளே இடம் வேண்டுமல்லவா? இதையெல்லாம், பத்து ஆண்டுகளாகத் துப்பாக்கி அணிபவர்கள் முதல் நாளிலேயே சொன்னார்கள். நான்தான் துப்பாக்கிக்குச் செலவழித்துவிட்டுப் பெல்ட்டில் மிச்சம் பிடித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

இந்த வாரம் முழுதும் உறை அணியும் இடத்தோடு போராடினேன். இதுவரை வலது இடுப்பின் பின்பக்கம், கடிகாரத்தில் நான்கு மணி காட்டும் இடத்தில், உறையைச் சற்று முன்னோக்கிச் சாய்த்து அணிந்துவந்தேன். நிற்கும்போது அது அருமையாக மறைகிறது; ஆனால் நான் செய்வது குனிந்து நிமிரும் வேலை. அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்த மறுகணம் முதுகுப் பக்கம் சட்டை ஏறி, பிடி கூடாரக் கம்பு போல நின்றுவிடுகிறது. காரில் உட்கார்ந்தாலோ இருக்கைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அகப்பட்டு அழுத்துகிறது.

செவ்வாயிலிருந்து முன்னிடுப்புக்கு, அதாவது தொப்புளுக்குச் சற்று வலப்புறம், மாற்றிப் பார்த்தேன். 'அப்பெண்டிக்ஸ் கேரி' என்று இதற்குப் பெயர். எனக்குத் தொப்பை உண்டு. அதனால் இது ஆகாது என்றே நினைத்திருந்தேன். முதல் நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு இரண்டு சிறு மாற்றங்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டன. முதலாவது, உறையின் பக்கவாட்டில் இறக்கை போல் நீண்டிருக்கும் ஒரு துண்டு. பெல்ட் அதை அழுத்த, அழுத்த, பிடி வயிற்றை நோக்கித் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது, உறையின் அடிமுனைக்கு உட்புறம் ஒட்டும் ஆப்பு வடிவ நுரைத் துண்டு. அது குழல்முனையை உடலிலிருந்து தள்ள, பெல்ட் தாங்குபுள்ளியாக நிற்க, மேலே இருக்கும் பிடி நெம்புகோலின் மறுமுனை போல உள்ளே சாய்கிறது.

முழு அளவுத் துப்பாக்கிக்கு ஒரு நன்மை இருப்பதும் இங்கேதான் விளங்கியது. குட்டைத் துப்பாக்கியின் எடையில் பெரும்பகுதி பெல்ட்டுக்கு மேலே நிற்பதால் அது வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். நீண்ட குழலும் நீண்ட உறையும் பெல்ட்டுக்குக் கீழே இறங்கி, படகின் அடிக்கட்டை போல நின்று, மேல்பகுதியை நிலைநிறுத்துகின்றன. பெரியதென்றால் அசௌகரியம் என்ற என் கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகிவிட்டது.

இந்த இடத்துக்கு ஒரு பெரிய எச்சரிக்கையும் உண்டு; அதை எவ்வளவு முறை எழுதினாலும் தகும். உட்காரும்போது குழல்முனை தொடையை, தொடையின் பெருந்தமனி ஓடும் பகுதியைப் பார்க்கிறது. ஆகவே விசைக் காப்பு வளையத்தை முழுதாக மூடும், கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆன உறையைத் தவிர வேறெதையும் இங்கே நான் வைப்பதில்லை. காலையில் துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டு, உறையோடு சேர்த்தே இடுப்பில் மாட்டுகிறேன். இரவில் உறையோடே கழற்றுகிறேன். திடலில் சுட்ட பிறகு திரும்ப உறையிலிட வேண்டியிருந்தால், சட்டை நுனி உள்ளே சிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து, இடுப்பை முன்னே தள்ளி நின்று, மெதுவாகச் செய்கிறேன். உருவுவதில் விரைவு வேண்டியிருக்கலாம். திரும்ப வைப்பதற்கு எந்த அவசரமும் கிடையாது.

ஜூன் 16, ஞாயிறு

பேர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். வேட்டி கட்டும் நாளில் பெல்ட்டும் இல்லை, உறையும் இல்லை; சந்நிதியில் விழுந்து கும்பிடும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக எனக்கு மனமும் இல்லை. காரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது பழைய வழக்கம். இன்று புறப்படும்போதே வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

நண்பரின் பிறந்தநாள் விருந்து ஒரு மதுக்கூடத்தில் என்றதும், முதல் வேலையாக அங்கே என்ன பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். சிவப்பில் பெரிதாக 51 என்ற எண் கொண்ட பலகை இருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கப்படும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். உரிமம் உள்ளவரும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதேபோல, 30.06 என்ற சட்டப் பிரிவின் வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் எழுதி வாசலில் வைத்திருந்தால், மறைத்தும் கொண்டுபோகக் கூடாது, 30.07 என்பது வெளியே தெரிய அணிவதைத் தடுப்பது. பள்ளிகள், நீதிமன்றங்கள், வாக்குச்சாவடிகள் போன்றவற்றுக்கும் தடை உண்டு. நாளின் பாதியில் இப்படி ஒரு வாசலில் போய் நின்றால், துப்பாக்கி மறுபடியும் காருக்குத்தான் போகும். ஆகவே அன்றன்று போகும் இடங்களைக் காலையிலேயே எண்ணிப் பார்த்து, அணிவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் வசதியின் ஒரு பகுதி என்று இப்போது நினைக்கிறேன். அதோடு, தவிர்க்க முடியாத நாளுக்கென்று, இருக்கையின் அடிச்சட்டத்தில் எஃகு வடத்தால் கட்டிய சிறு பூட்டுப்பெட்டி ஒன்றைக் காரில் பொருத்திவிட்டேன்.

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் டெக்சஸில் உரிமம் இல்லாமலும் அணியலாம். இருந்தும் நான் உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. என் கடையோ பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

கடைக்கு அடிக்கடி வரும் மதுரைத் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி, "அண்ணே, நானும் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றார். என்ன விசாவில் இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டேன். எச்-1பி என்றார். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது என்பதும், முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டெக்சஸில் யாரும் வாங்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்களாம். "வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைப்பக்கமே போகாதீர்கள் தம்பி; துப்பாக்கி போனால் போகட்டும், கிரீன் கார்டு வாய்ப்பும் சேர்ந்து போய்விடும்" என்றேன். முகம் வெளிறித்தான் போனார். அவரிடம் அப்படிச் சொன்ன நண்பர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இரவில் தோட்டாக்களையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுத் துப்பாக்கி என்பதை இரண்டு முறை சரிபார்த்து, சட்டையை இடது கையால் தூக்கி வலது கையால் உருவும் அசைவை இருபது முறை பழகினேன். சிறு கட்டம் போட்ட, கொஞ்சம் கனமான துணிச் சட்டைதான் நன்றாக மறைக்கிறது. ஒரே நிறத்து மெல்லிய பனியன் சட்டை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது.

ஜூலை 11, வியாழன்

திங்கள் விடியற்காலையில் பெரில் புயல் மட்டகோர்டா அருகே கரையேறி ஹூஸ்டனைக் கடந்து போனது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு இன்றிரவுதான் வந்தது. நான்கு நாள்களாக எழுத முடியவில்லை.

செவ்வாயன்று கடையைத் திறந்தேன். கார்டு இயந்திரம் வேலை செய்யாததால் எல்லாம் ரொக்கம். தண்ணீருக்கும் ரொட்டிக்கும் மெழுகுவத்திக்கும் கூட்டம். இருட்டுக் கடை, நிறையப் பணம், வெளியே தெருவிளக்கும் இல்லை. இதுவரை அணிந்த நாள்களிலேயே எனக்கு அது மிகவும் வேண்டியிருந்த நாள்கள் இவைதான். அணிவதற்கு மிகவும் கடினமான நாள்களும் இவையேதான். குளிர்சாதனம் இல்லாத வெக்கையில் உறைக்கும் தோலுக்கும் நடுவே வியர்வை ஊறி, முதல் நாள் மாலைக்குள் உரசிய இடம் எரியத் தொடங்கிவிட்டது. மறுநாள் உடம்போடு ஒட்டிய பருத்திப் பனியனை உள்ளே அணிந்து, அதைக் கால்சட்டைக்குள் செருகி, அதன்மேல் உறையை வைத்தேன். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மதியத்தில் ஒருமுறை பனியனை மாற்றினேன். கழிப்பறையில் பலரும் செய்வதுபோல் கழற்றிக் கொக்கியில் மாட்டுவதையோ தொட்டிமேல் வைப்பதையோ நான் செய்வதில்லை. உறையிலேயே விட்டு, கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறேன். அவசரத்தில் மறந்துவிட்டுப் போகும் இடம் அதுதான்.

நான்கு நாளில் ஒரு சண்டைச் சச்சரவுகூட நடக்கவில்லை. ஒரு பெரியவர் என் தோளில் கைபோட்டு அணைத்து, கடையைத் திறந்ததற்கு நன்றி சொன்னார். அவருடைய முழங்கை என் விலாவில் பட்டது, துப்பாக்கியில் படவில்லை. பழைய இடத்தில் அணிந்திருந்தால் நேராக அதில்தான் பட்டிருக்கும்.

இரவில் சன்னல்களைத் திறந்து வைத்துத் தூங்கினோம். பிள்ளைகள் இருட்டில் நடமாடிக்கொண்டே இருந்ததால், அச்சம் எவ்வளவு இருந்தாலும் தலையணைக்கடியில் வைக்கவில்லை. பெட்டகத்தின் எண்பூட்டு பேட்டரியில் இயங்குவது. மூன்று இரவும் துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. சுடத் தயாரான துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போனால் இங்கே குற்றம். என் பெண்ணுக்கு வயது 15, பையனுக்கு 9. சட்டமே இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஜூலை 20, சனி

புயல் வார வியர்வையின் கணக்கு இன்று தெரிந்தது. துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தபோது, பின்பக்கக் குறிமுனையின் எஃகில் துருப்புள்ளிகள் மூன்று. எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்ததும் போய்விட்டன. இனிக் கோடை முழுதும் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். மாதக்கணக்கில் தோட்டாக்கூட்டில் கிடந்த 17 தோட்டாக்களையும் எடுத்துத் தனியே வைத்தேன். அவற்றைத் திடலில் சுட்டுத் தீர்க்க வேண்டும்; கூட்டில் புதியன நிரப்பியாகிவிட்டது.

டல்லாஸுக்கு நான்கு மணி நேரம் ஓட்டும்போது வலது தொடை இன்னமும் மரத்துப்போகிறது. இருக்கையின் முதுகைச் சற்றுச் சாய்த்தும், உறையை ஓர் அரை அங்குலம் மேலே ஏற்றியும் பார்த்தாகிவிட்டது. அடுத்து நுரைத் துண்டை மெல்லியதாக மாற்றிப் பார்க்கப்போகிறேன். மற்றபடி, காலை ஏழு மணிக்கு மாட்டினால் இரவு பத்தரைக்குத்தான் கழற்றுகிறேன். காரின் நடுப்பெட்டியில் இன்று கைவிட்டுத் துழாவியபோது காப்பீட்டுத் தாளும், கொஞ்சம் சில்லறையும், பையனின் உடைந்த மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன.